பெற்றோரைக் குறை சொல்லுமுன்



நமது கடைக்கோ விருந்து வீட்டுக்கோ சில வேளை ஒரு சிறுவன் வருகிறான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். டப்பாக்களை வரிசையாக அடுக்குவான். ஒன்றை நகர்த்தினால் தரையில் விழுந்து கதறுவான். ஒலிபெருக்கி முழங்கினால் காதைப் பொத்துவான். உடனே அங்கிருப்போர், "அதபு இல்லாத பிள்ளை, உம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள், வாப்பாவுக்குக் கடையே கதி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இத்தகைய சிறாரில் பலருக்கு இருப்பது ஆட்டிசம் என்னும் நிலை. அது வளர்ப்பின் குற்றமன்று. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேற்றுமை.

இந்தத் தவறான தீர்ப்பைச் சொன்னவர்கள் பாமர ஜனங்கள் மட்டுமல்லர். படித்த வைத்தியர்களும் சொன்னார்கள். அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 1943-ல் 11 பிள்ளைகளை ஆராய்ந்து எழுதினார். இது பிறவியிலேயே வருவது என்பதே அப்பொழுது அவருடைய முடிவு. ஆனால் 1949-ல் பெற்றோரின் பாசக் குறைவையும் அவர் சுட்டிக் காட்டினார். அதிலிருந்து 'குளிர்ப்பெட்டித் தாய்' என்ற கொடிய பட்டம் பரவிற்று. 1967-ல் புரூனோ பெத்தல்ஹைம் என்பவர் ஒரு நூல் எழுதி அப்பழியை மேலும் வளர்த்தார். பிள்ளையின் துயரோடு தன் மீது விழுந்த பழியையும் எத்தனை தாய்மார் சுமந்திருப்பார்கள்!

இப்பழியை எதிர்த்து 1964-லேயே நூல் எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் மனோதத்துவ நிபுணர்; அத்தகைய ஒரு மகனுக்குத் தகப்பனாருங்கூட. 1969-ல் கானரே பெற்றோர் கூட்டமொன்றில், பெற்றோர் மேல் குற்றமில்லை என்று அறிவித்தார். 1977-ல் இங்கிலாந்தில் 21 இரட்டைப் பிள்ளை ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. ஒரே வீட்டில் ஒரே வளர்ப்பில் வளர்ந்தும் இந்த வித்தியாசம் ஏன்? பிறவிக் கூறுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

இனி அந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். பிள்ளை உறங்காத இரவுகளில் தாய்க்கும் உறக்கமில்லை. ஊரார் பார்வைக்கு அஞ்சிக் கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் போவதை அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். நாளடைவில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குறை சொல்லத் தொடங்குகிறார்கள். பிள்ளையை வளர்க்கும் பாரத்தை விட ஊர்ப்பேச்சின் பாரமே சிலருக்கு அதிகம்.

நாம் செய்யத்தக்கவை மூன்று:

1. புத்தி சொல்லாமல், "என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். கடைக்கு வந்தால் வானொலியின் சத்தத்தைக் குறைத்து, அவர்களை முதலில் கவனித்து அனுப்புங்கள்.

2. "குணப்படுத்துகிறோம்" என்று பணம் பறிப்போரை நம்ப வேண்டாம். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது. பேச்சுப் பயிற்சி முதலியவற்றைச் சிறு வயதிலேயே தொடங்கினால் நல்ல பலன் உண்டு.

3. வழி தெரியாதவர்களுக்கு வழி காட்டுங்கள். முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சமூக நல இலாகாவில் பதிந்தால் ஓ.கே.யூ. அட்டை கிடைக்கும். நாசோம் என்னும் மலேசிய ஆட்டிசச் சங்கத்தின் நிலையம் நமது பினாங்கிலும் உண்டு.

சகோதரர்களே! கணக்கைப் பார்க்காமல் ஒருவரைக் கடனாளி என்று நாம் சொல்லுவதில்லை. அந்த நியாயம் இப்பெற்றோருக்கும் வேண்டும். அடுத்த விருந்துக்கு அவர்களைப் பிள்ளையோடு அழையுங்கள்.