பெயர் வைக்காத நோய்க்குப் பணம் கேட்டால்

நம்பிக்கை: “அதான் காப்பீட்டு அட்டை இருக்கே, டெஸ்ட்டுக்கு எதுக்குத் தனியா உதவி?”

அட்டை யாருக்குக் கிடைக்கும் என்று முதலில் பார்ப்போம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000. ஜவுளிக்கடையில் துணி மடிக்கும் கணவருக்கு 9,000, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் மனைவிக்கு 5,000 என்றால், அரசுக் கணக்கில் அவர்கள் ஏழைகள் இல்லை. கடையில் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்த்தால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.யும் இருக்காது. சரியாக நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பம்.

அட்டை உள்ளவர்களுக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் என்பது பெரும்பாலும் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்குத்தான். பரிசோதனைகளும் அதில் உண்டு, ஆனால் குறிப்பிட்ட சில மட்டும். சொந்தக் காசில் பாலிசி எடுத்தவர்கள் அதன் விலக்குப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்று ‘எக்ஸ்க்ளூஷன் 04’ என்ற குறியீட்டோடு அச்சிட்டிருப்பார்கள். ஆக, நோய்க்கு டாக்டர் ஒரு பெயர் வைத்த பிறகே பெரும்பாலும் காப்பீட்டுக் கதவு திறக்கிறது. அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு கைக்காசு.

தர்மம் செய்பவர்களும் இதே வழக்கத்தில்தான் இருக்கிறோம். ‘இதய ஆபரேஷனுக்கு 3 லட்சம் தேவை’ என்று குழந்தையின் படத்தோடு வாட்ஸப்பில் வந்தால் நெகிழ்ந்து அனுப்புகிறோம். ‘மார்பில் ஒரு கட்டி, என்னவென்று தெரியவில்லை’ என்ற பெண்ணுக்கு யாரும் படம் போட்டுக் கேட்பதில்லை. அவருக்கு மாமோகிராம், அல்ட்ராசவுண்ட், அப்புறம் ஊசியில் சதை எடுக்கும் பயாப்ஸி என்று சீட்டு நீளும். ஃபார்மலின் டப்பாவில் போன அந்தத் துணுக்கில் புற்று இருந்தால் ஐ.எச்.சி. என்று இன்னொரு பரிசோதனை. அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகிய மூன்றும் பாசிட்டிவா நெகட்டிவா என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். வெளியே பார்த்தால் ஒவ்வொரு படியிலும் ஆயிரங்கள். “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்ற பேச்சு பெரும்பாலும் இந்தப் படிகளில் எங்காவதுதான் வருகிறது. கட்டிக்கு அடுத்த மாசம் என்றெல்லாம் கிடையாது.

நம்பிக்கை: “ஜி.எச்.சுக்குப் போனா எல்லாமே ஃப்ரீ.”

பெருமளவு உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாதாரண ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் அங்கே யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் வேறு கதை. அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் மையங்களில் பல ஆண்டுகளாக சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 என்று வாங்குகிறார்கள். தனியாரில் கேட்பதில் இது ஒரு பகுதிதான். ஆனாலும் 14,000 சம்பளத்தில் 2,500 சின்னத் தொகையா? போக்குவரத்து, இரண்டு நாள் கூலி, கூட வருபவரின் கூலி வேறு. உதவ நினைப்பவர் நோயாளியைத் தனியார் ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போகாமல் இந்தச் செலவை ஏற்றால், ஒருவருக்கான பணத்தில் இரண்டு மூன்று பேருக்கு வேலை நடக்கும்.

நம்பிக்கை: “எந்த டெஸ்ட்டா இருந்தாலும் கொடுத்தா புண்ணியந்தான்.”

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறார் என்று சளிப் பரிசோதனைக்குப் பணம் தருவதில் புண்ணியம் இருக்கலாம், தேவை இல்லை. காசநோய் கண்டறிதல் அரசுத் திட்டத்தில் இலவசம். மருந்து கேட்குமா என்று காட்டும் மூலக்கூறு சோதனையும் அப்படியே. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசின் ‘நம்பிக்கை மையங்கள்’ இருக்கின்றன. அங்கே கைகாட்டிவிட்டால் போதும்.

நம்பிக்கை: “ஊருக்கே இலவச முகாம் போட்டால் எல்லோருக்கும் பயன்.”

பந்தல், பேனர், சர்க்கரை, பி.பி., கடைசியில் ஒரு குரூப் போட்டோ. சர்க்கரை 280 என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிய மனிதர் அடுத்த வாரம் எங்கே போவார் என்று பந்தல்காரரிடமா கேட்பது? தொடர்ந்து பார்க்க ஆள் இருந்தால் முகாம் நல்லது. இல்லையென்றால், ஐந்நூறு பேருக்குச் சர்க்கரை பார்ப்பதைவிட, டாக்டர் எழுதிய பயாப்ஸிக்கு வழியில்லாத ஐந்து பேருக்குக் கட்டுவதையே நான் தேர்வு செய்வேன்.

நம்பிக்கை: “லேப்காரனும் டாக்டரும் கமிஷன்ல பங்கு போட்டுக்குவாங்க.”

அப்படி நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. பரிந்துரைக்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு விதி எதற்கு? அதற்காகக் கையை மடக்கிக்கொள்ளவும் வேண்டாம். டாக்டரின் சீட்டை வாங்கிப் பாருங்கள், சந்தேகமிருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள், லேபில் நேராகக் கட்டுங்கள். இப்படித் தனி ஒருவருக்குக் கட்டுவதற்கு வருமான வரியில் நன்கொடைக் கழிவு கிடையாது. அது அந்தக் கழிவுக்கு அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான், அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக இல்லாமல், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு.

நம்பிக்கை: “ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு, பணம் வேஸ்ட்.”

மார்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ‘ஒன்றுமில்லை’ என்று தெரிந்த பெண் மறுநாள் வேலைக்குப் போகிறார், ராத்திரி தூங்குகிறார். கொடுத்தவருக்கு மட்டும் ஏனோ ஏமாந்த மாதிரி இருக்கிறது. “என்ன ஆச்சு, ரிப்போர்ட்டை அனுப்புங்க” என்று சிலர் கேட்கவும் செய்கிறார்கள். பில்லின் நகலைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ரிப்போர்ட் அவருடையது.