கர்ப்பிணித் தாயின் உணவும் உடற்பயிற்சியும்

நாற்றுமேடைக்கு எருவிடத் தவறும் கமக்காரர் இல்லை. ஆயின், குழந்தையைச் சுமக்கும் தாய்க்கு, வீட்டார் எல்லோரும் உண்டபின் எஞ்சியதே உணவாவதைப் பல வீடுகளிற் காண்கிறோம். இவ்வழக்கம் இரத்தச்சோகைக்கு இடமளிக்கும். கர்ப்பிணியின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஈமோகுளோபின் 11 கிராமிற்குக் குறைதல் இரத்தச்சோகையாகும். இரத்தம் குன்றிய தாய்க்குப் பிரசவ இரத்தப்போக்கு உயிராபத்தாய் முடியலாம்.

உணவு: சோற்றுடன் நாள்தோறும் ஒரு கீரையும், பயறு, கௌபீ போன்ற தானியம் ஒன்றும், மீன் அல்லது முட்டையும் சேர்த்தல் வேண்டும். கீரைக்கறியை இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுக. அஃது இரும்புச்சத்து உடலிற் சேர உதவும். தேநீர் அதனைத் தடுக்கும். ஆதலின் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரைத் தவிர்க்க. கிளினிக்கில் வழங்கும் இரும்புச்சத்து, போலிக்கமில மாத்திரைகளைத் தவறாது உட்கொள்க. திரிபோஷாவைத் தாயே உண்ணவேண்டும்; வீட்டாருக்குப் பங்கிடலாகாது.

உடற்பயிற்சி: மருத்துவர் தடுத்தாலன்றி, நாளொன்றுக்கு அரைமணி நேரம், பேச்சுத் தடைப்படாத வேகத்தில் நடத்தல் நன்று. நாள்முழுதும் குனிந்து களைபிடுங்குதலும் நெல்மூடை தூக்குதலும் உடற்பயிற்சி ஆகா. பூச்சிநாசினி தெளிக்கும் வயலுக்குக் கர்ப்பிணி செல்லலாகாது.

அபாய அறிகுறிகள்: இரத்தக்கசிவு, கடுந்தலைவலி, முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

கமக்காரரே, விளைந்ததில் முதற்பங்கு சந்தைக்கன்று, தாய்க்கே உரியது. வேலியில் முருங்கைக் கதியால் ஒன்றை இன்றே நாட்டுக.