பிள்ளை கரண்டி பிடிக்கட்டும்



குழுக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நாம் பேசுகிற பேச்சில் பாதி பிள்ளைகளைப் பற்றித்தான். "எம் மகளுக்கு ஒரு காபி போடக்கூடத் தெரியாது" என்று ஒருவர் சொல்வார். "எம் மகன் சாப்பிட்ட தட்டக்கூட எடுக்க மாட்டான்" என்று இன்னொருவர் சொல்வார். ஆனால் அதே பிள்ளை ஆசையாக அடுப்படிக்கு வந்தால், "போ, போய்ப் படி. கேஸ வீணாக்காத" என்று விரட்டுவதும் நாம்தான்.

பிள்ளை சமைக்கக் கற்றுக்கொண்டால் வீட்டுக்கு என்ன நன்மை? இந்த மாதப் பாடத்தில் இதைப் பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில், உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் பெயர் இல்லை.

அடுப்படிக்கு வந்த பிள்ளை

அந்த உறுப்பினரின் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். காலையில் பிரேயரில் நிற்கும்போது இரண்டு முறை மயங்கி உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. அவள் வயதுக்கு 12-க்குக் குறையக் கூடாது. தினமும் போட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து, கீரை, பயறு, கம்பு, கேழ்வரகு சாப்பிடச் சொன்னார்கள்.

வீட்டில் என்ன சாப்பாடு? ரேஷன் அரிசிச் சோறு, புளிக்குழம்பு, என்றைக்காவது ஒரு முட்டை. அம்மா காலையில் நூறு நாள் வேலைக்கோ களை எடுக்கவோ கிளம்பிவிடுவார். "எனக்கு எங்க நேரம் இருக்கு? கீரய ஆய்ஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா வேல என்னாகிறது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

அப்போதுதான் மகள் சொன்னாளாம்: "நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா. சனி, ஞாயிறு அடுப்ப எங்கிட்ட விடு."

முதல் மூன்று தோல்விகள்

முதல் சனிக்கிழமை அப்பத்தா வீட்டிலிருந்து குதிரைவாலி அரிசி வாங்கி வந்தாள். அந்தக் கரிசல் காட்டில் ஒரு காலத்தில் குதிரைவாலிதான் தினசரிச் சோறு. நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்குத்தான். ஆனால் அந்தப் பிள்ளை அதைச் சாப்பிட்டதே இல்லை. அவளுக்கு அது புது உணவு. நெல்லரிசி மாதிரியே ஒன்றுக்கு மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி, குக்கரில் ஐந்து விசில் விட்டாள். திறந்தால் பசை! போஸ்டர் ஒட்டலாம் என்று தம்பி கேலி செய்தான். அரிக்காமல் போட்டதால் கல் வேறு கடிபட்டது.

அம்மாவுக்குக் கோபம். ஆனால் அப்பத்தா அதை ஆறவிட்டு, மோர் ஊற்றி, உப்புப் போட்டுக் கரைத்து, மண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, மேலாக எடுத்துச் சின்ன வெங்காயத்தோடு கொடுத்தார். "கொழஞ்சா கூழு, வெறச்சா சோறு. இதுக்கு எதுக்குத்தா அழுகுற?" என்றாராம். எல்லாரும் குடித்தார்கள்.

அடுத்த வாரம் கம்பு தோசை. வீட்டில் இரண்டு மாதமாகக் கிடந்த கம்பு மாவுப் பொட்டலத்தைப் பிரித்துச் சுட்டாள். தோசை நன்றாக வந்தது, ஆனால் ஒரே கசப்பு. கம்பில் எண்ணெய்ச்சத்து அதிகம். மாவாக அரைத்துவிட்டால் அந்த எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். அதனால் கம்பை முழுத் தானியமாக வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைக்க வேண்டும். இது அவளுக்கு அந்தக் கசப்பு தோசை கற்றுக்கொடுத்த பாடம்.

மூன்றாவது, பிரண்டைத் துவையல். வேலியில் படர்ந்து கிடந்ததை ஒடித்து வந்து வெறும் கையால் நறுக்கினாள். கை இரண்டும் அரிப்பு. அரைகுறையாக வதக்கி அரைத்ததில், சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் நாக்கும் தொண்டையும் நமநமவென்று ஆகிவிட்டது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடல. இனிமே அடுப்படிப் பக்கமே வர மாட்டேன்னு சொல்லிட்டா" என்றார் அம்மா. அந்த இடத்தில்தான் பல வீடுகளில் கதை முடிந்துவிடும். இந்த வீட்டில் முடியவில்லை. மறுநாள் அம்மாவே வேலைக்குப் போகும் முன் இளம் பிரண்டையாகப் பார்த்து ஒடித்து வந்தார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, ஓரத்து நாரை உரித்து, கணு நீக்கி, நன்றாகச் சுருள வதக்கி, புளி, வற்றல், உளுந்து வைத்து அரைத்துக் காட்டினார். "எங்க அம்மா செஞ்சது. இருவது வருசம் ஆச்சு, நானே மறந்துட்டேன்" என்றார். மகள் அன்றைக்குத்தான் அம்மாவிடமிருந்து சமையல் கற்றாள்.

கரண்டி பிடித்தவளுக்குத் தெரிந்த கணக்கு

அதற்குப் பிறகு முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, முடக்கத்தான் தோசை, தட்டைப்பயறு சுண்டல், தினைப் பாயசம் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சமைத்தவளே பரிமாறவும் ஆரம்பித்தாள். அப்போது ஒன்றைக் கவனித்தாள்.

அப்பாவுக்கு நாலு கரண்டி. தம்பிக்கு மூன்று. தனக்கு இரண்டு. அம்மா கடைசியில் சட்டியைச் சுரண்டினால் ஒரு கரண்டி. கீரைக் கூட்டு என்றால் அதுவும் இல்லை, சட்டியில் ஒட்டியிருக்கும் தண்ணீர்தான்.

"நீ எப்பம்மா கீர சாப்பிட்ட?" என்று மகள் கேட்டாள்.

"எனக்குப் பசி இல்ல பாப்பா."

இந்தப் பதிலை நாம் எல்லாரும் எத்தனை முறை சொல்லியிருப்போம்!

அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை ஒரு வேலை செய்தாள். யாரும் சாப்பிட உட்காரும் முன்பே கீரையையும் பயறையும் நான்கு கிண்ணத்தில் சமமாக எடுத்து வைத்தாள். அம்மாவை விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கூட்டிப்போனாள். அங்கே பார்த்தபோது அம்மாவுக்கு 8.9. மகளை விடக் குறைவு! "தலை சுத்துறது வெயிலுன்னு நெனச்சேன். மூச்சு வாங்குறது வயசுன்னு நெனச்சேன்" என்றார். அவருக்கு வயது முப்பத்தொன்பது.

இருவரும் மாத்திரையையும் விடவில்லை, கிண்ணத்தையும் விடவில்லை. நான்கு மாதம் கழித்து மகளுக்கு 11.6, அம்மாவுக்கு 10.8. இன்னும் ஏற வேண்டும்.

உறுப்பினர்களே, இது ஒரு வீட்டுச் சங்கதி அல்ல. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. நம் குழுவில் 12 பேர் என்றால், ஆறு ஏழு பேருக்கு இருக்கலாம். குழுவில் கடனுக்குக் கணக்கு வைக்கிற நாம், நம் தட்டுக்குக் கணக்கு வைப்பதில்லை.

பாடம் 1: இரத்தமும் சாப்பாடும்

• உணவு முக்கியம். ஆனால் இரத்தசோகை வந்தபின் உணவு மட்டும் போதாது. மாத்திரையும் வேண்டும். 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைத் தூக்கிப் போட வேண்டாம். குடற்புழு மாத்திரையும் கொடுக்கும்போது போட வேண்டும்.

• மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகலாம். பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம்.

• கீரையோடு புளிப்பு சேரட்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் உள்ள வைட்டமின் சி, கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

• சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். அவை இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

• கம்பில் அரிசியை விடப் பல மடங்கு இரும்புச்சத்து உண்டு. ஊறவைத்தாலும், முளைகட்டினாலும், கூழாகப் புளிக்கவைத்தாலும் அந்தச் சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும்.

• கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். எலும்புக்கு எது நல்லது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

சிறுதானிய அரிசி விலை கூடுதல்தான். ரேஷன் அரிசியை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு வேளை மாற்றினால் போதும். முருங்கையும் பிரண்டையும் முடக்கத்தானும் வேலியில் சும்மாவே கிடைக்கும்.

பாடம் 2: பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவு

சாமை, குதிரைவாலி, தினை: முதலில் தண்ணீரில் அலசி, கல் அரித்து எடுக்க வேண்டும். 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போட்டு, தீயைக் குறைத்து மூடி, சுமார் 10 நிமிடம் வேகவிட வேண்டும். இறக்கி, மூடியைத் திறக்காமல் இன்னும் 10 நிமிடம் வைத்தால் உதிரியாக வரும். குழைவாக வேண்டும் என்றால் அரை டம்ளர் தண்ணீர் கூடுதல்.

கீரை: கழுவிய பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

எச்சரிக்கை: ஈரம் பட்ட, பூஞ்சை பிடித்த தானியத்தைக் கழுவிக் காயவைத்துச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். முக்கியமாக வரகு. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தன. பூஞ்சை பிடித்த வரகுப் பயிரைத் தின்றதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அதேபோல வேலியில் பறிக்கும் இலை எதுவானாலும், தெரிந்த பெரியவரிடம் காட்டிய பிறகே சட்டிக்குப் போக வேண்டும்.

பாடம் 3: அடுப்புப் பாதுகாப்பு

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை அடுப்பைத் தொட வேண்டாம். கீரை ஆய்வது, பயறு கழுவுவது, அளந்து போடுவது அவர்கள் வேலை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது அடுப்பைக் கொடுக்கலாம்.

துப்பட்டாவையும் கூந்தலையும் முடிந்துகொள்ள வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி வேண்டாம். குக்கரில் ஆவி முழுவதும் அடங்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. கேஸ் வாசம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 எண்ணுக்குப் பேச வேண்டும்.

கையைச் சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், மாவு, இங்க் எதையும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பெரிய காயம் என்றால் 108.

ஆண் பிள்ளைக்கும் வயிறு உண்டு

அந்த வீட்டில் கேலி செய்த தம்பி இப்போது என்ன செய்கிறான் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை அடை அவன் பொறுப்பு. முதல் அடை நம் மாவட்ட வரைபடம் மாதிரி வந்ததாம்! அவனே பிய்த்துத் தின்றான். நாளைக்கு வெளியூரில் படிக்கவோ வேலைக்கோ போகும்போது, அவன் ஹோட்டலை நம்பி நிற்க வேண்டியதில்லை. சமையல் பெண் பிள்ளைக்குச் சுமையாகவும் ஆண் பிள்ளைக்குக் கேலியாகவும் இருந்தால், நாம் குழுவில் இத்தனை வருடம் பேசிய சமத்துவத்துக்கு அர்த்தம் இல்லை. பெண் பிள்ளை அடுப்படிக்கு வருவது அவள் ஆசையால் இருக்கட்டும். படிப்பை நிறுத்திச் சமைக்க வைப்பது வேறு. அதை நாம் சொல்லவில்லை.

பிள்ளை முதல் நாள் குழைப்பான், இரண்டாம் நாள் கருக்குவான். நாமும் அப்படித்தான் கற்றோம். திட்டாமல் பக்கத்தில் நின்றால் போதும். கரண்டி பிள்ளை கைக்குப் போகும்போது, வீட்டில் யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதும் அதன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நேற்று இரவு நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார்? அவருக்கு என்ன மிஞ்சியது?
2. நம் குழுவில் கடந்த ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்க்காதவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்த நாள் போகலாம்?
3. நம் அம்மா செய்து நாம் மறந்துபோன சமையல் எது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்லவும்.
4. இந்த வாரம் நம் பிள்ளை எந்த ஒரு பண்டத்தைச் சமைக்கப் போகிறது?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை முதலில் சமைத்தது குழைந்ததா, கருகியதா என்று எங்களுக்கும் எழுதுங்கள்.