ஒளி அடித்தால் கரிமம் தெரிந்துவிடுமா?

"கருவியை மண்ணில் வைத்து ஒளியைப் பாய்ச்சினால் போதும், அங்ககக் கரிமம் எவ்வளவென்று நொடியில் சொல்லிவிடும், இனி ஆய்வுக்கூடமே தேவையில்லை" என்ற பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது. தவறான பேச்சு. அந்தக் கருவி கரிமத்தை அளப்பதே இல்லை. ஏறத்தாழ 350 முதல் 2500 நானோமீட்டர் வரையுள்ள ஒளியில் மண் எதை விழுங்குகிறது, எதைத் திருப்பி அனுப்புகிறது என்பதை ஒரு கோடாகப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். அந்தக் கோட்டில் 1400, 1900 அருகே விழும் பள்ளங்கள் பெரும்பாலும் நீருடையவை. 2200 அருகே விழுவது களிமண்ணுடையது. 2340 அருகே சுண்ணாம்பு தலைகாட்டும். கரிமத்தின் தடம் இவற்றுக்கு நடுவே மங்கலாகச் சிதறிக் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் கணக்கை, ஆய்வுக்கூடத்தில் அளந்த நூற்றுக்கணக்கான மாதிரிகளைக் கொண்டுதான் பழக்க முடியும். ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டால் கருவிக்குப் பாடம் சொல்வது யார்?

ஆப்பிரிக்காவில் இந்த முறை வெற்றி பெறவில்லையா என்பார்கள். பெற்றது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேல்மண் மாதிரிகளை முறையாகப் பகுப்பாய்வு செய்து, அவற்றின் ஒளிக்கோடுகளுக்கு ஒரு நூலகம் கட்டியதாக ஷெப்பர்ட், வால்ஷ் என்ற ஆய்வாளர்கள் 2002இல் எழுதினார்கள். வெற்றிக்குக் காரணம் அந்த உழைப்பு. செம்மண்ணில் பழகிய கணக்கை அப்படியே கோவில்பட்டிக் கரிசலுக்குக் கொண்டுவந்தால், அங்குள்ள களியும் சுக்கான் கல்லும் அதைத் தடுமாற வைக்கும். ஈர மண்ணில் தடுமாற்றம் இன்னும் கூடும். பிழை 0.1 சதவீதம்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. நம் வயல்கள் பலவற்றில் கரிமமே 0.5 சதவீதத்துக்குக் கீழ். 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ஹெக்டேர் மண் சுமார் 1950 டன் என்று கொண்டால், அந்த 0.1 சதவீதம் ஏறக்குறைய 2 டன் கரிமம். ஒரு பருவம் தொழு உரம் இட்டதால் கரிமம் ஏறிவிட்டதென்று இந்தக் கருவியைக் காட்டிச் சொல்வது விவசாயியை ஏமாற்றுவதாகும்.

ஆய்வுக்கூட முறையும் குறையற்றதல்ல என்பது நியாயமான வாதம். 1934இல் வந்த வாக்லி-பிளாக் முறை கரிமத்தில் முக்கால் பங்கைத்தான் பிடிக்கிறது. மீதியைச் சராசரிப் பெருக்கெண்ணால் ஈடுகட்டுகிறோம். குரோமியக் கழிவும் மிஞ்சுகிறது. அதனால்தான் ஒளிமுறையை நான் வரவேற்கிறேன்: பத்தில் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, மற்றவற்றை ஒளியால் மதிப்பிட்டால் செலவும் நச்சும் குறையும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக நேரம் வேண்டாம். கறுத்த மண்ணெல்லாம் கரிமம் நிறைந்ததல்ல. கரிசலே அதற்குச் சான்று. மணிச்சத்தையும் இதே ஒளி துல்லியமாகக் காட்டும் என்பதும் பொய்; பயிருக்குக் கிடைக்கும் மணிச்சத்துக்கு இந்த ஒளியில் தனக்கென ஒரு தடம் கிடையாது.

கருவி விற்க வருபவரிடம், "எந்த ஊர் மண்ணில், எத்தனை மாதிரிகளில் பழக்கினீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். மண் பரிசோதனை நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சோதித்து முடித்த மாதிரிகளைக் கொட்டிவிடாதீர்கள். காயவைத்து, சலித்து, ஊரும் ஆழமும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். நமக்கான நூலகத்தை அவற்றிலிருந்துதான் கட்ட வேண்டும்.