பாயை யார் வீட்டில் விரிப்பது?

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியார், "தம்பி, உங்க தெரு அன்பியத்தை இனிமே நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் சபையானால் இதை ஐயர் சொல்வார், பெந்தெகொஸ்தே சபையானால் பாஸ்டர். சம்பளம் கிடையாது. பயிற்சி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. திருநாவலூர், உளுந்தூர்பேட்டை பக்கத்துக் கிராமங்களில் இப்படித் திடீரென்று பொறுப்பு வாங்கிக்கொண்டு நிற்கிற இளைஞர்களுக்கும் பெண்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. சம்பளமில்லாத வேலை என்றாலும் வேலைதான். செய்யத் தெரிந்து செய்ய வேண்டும்.

முதல் வாரமே பிரசங்கம் தயார் பண்ண உட்காராதீர்கள். பிரசங்கம் கேட்க ஜனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை பத்துப் பன்னிரண்டு பேரை வாய் திறக்க வைப்பது, அவர்கள் சொல்வதை மறக்காமல் வைத்துக்கொள்வது, அடுத்த வாரத்துக்குள் ஒரு முறை அவர்கள் வீட்டு வாசலை மிதிப்பது. இந்தப் பொறுப்பின் பிறப்பே அப்படித்தான். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெத்தடிஸ்ட்காரர்கள் ஜெபக்கூடம் கட்டின கடனை அடைக்க முடியாமல் தவித்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு வசூல்காரர் என்று முடிவானது. வீடு வீடாகப் போனவர்கள் காசோடு சேதியும் கொண்டுவந்தார்கள்: இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் சண்டை. ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். வசூல்காரர் குழுத் தலைவரானார்.

அதற்கும் முன்பு, 1670இல், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்பேனர் என்ற லுத்தரன் போதகர் தன் வீட்டில் சிறு கூட்டம் நடத்த ஆரம்பித்திருந்தார். அந்தப் பக்தி இயக்கம் ஹாலே நகரத்தில் வேர்விட்டது; அங்கே படித்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கத்தோலிக்கர் பக்கம் கதை பிந்தியது. 1968இல் கொலம்பியாவின் மெதெயினில் லத்தீன் அமெரிக்க ஆயர்கள் கூடி அடித்தளச் சமூகங்களுக்கு ஆதரவு தந்தார்கள். 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஆசிய ஆயர்கள், திருச்சபை சமூகங்களின் சமூகமாக இருக்க வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் அதற்கு அன்பியம் என்று பேர் வைத்தோம். நல்ல பேர். ஆனால் பேருக்கும் நம் ஊர் வரைபடத்துக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது.

பங்கை இருபது முப்பது குடும்பமாகப் பிரித்து, பக்கத்து வீட்டுக்காரர்களை ஒரு குழுவாக்குவதுதான் அன்பிய முறை. நகரத்து அடுக்குமாடியில் இது நன்றாகவே வேலை செய்யும். நம் கிராமங்களில் யார் பக்கத்து வீட்டுக்காரர்? ஊர்த்தெருவில் இருப்பவருக்கு ஊர்த்தெருக்காரர், காலனியில் இருப்பவருக்குக் காலனிக்காரர். தெருவாரியாகக் கோடு போட்டால் சாதிவாரியாகத்தான் விழும். யாரும் திட்டம் போட வேண்டியதில்லை, தானாகவே நடந்துவிடும். பிறகு அதே குழுக்களில் இருந்து பங்குப் பேரவைக்கு ஆள் எடுப்பார்கள்; பேரவையும் அந்தக் கோட்டின்மேலேயே உட்காரும்.

இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இதே உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது எறையூர், பழைய கத்தோலிக்க ஊர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் கோயிலில் தங்களுக்குப் பாகுபாடு நடக்கிறது என்று நெடுநாளாக முறையிட்டுவந்தார்கள். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அது கலவரமாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே ஜெபமாலையைச் சொல்கிறவர்கள். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டது. ஆவணம் டெல்லியில் இருந்து வரும். உங்கள் குழு எந்த வீட்டுத் திண்ணையில் கூடுகிறது என்பதை டெல்லி தீர்மானிக்காது, நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள்.

ஆகவே என்ன படிப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் எங்கே உட்காருவது என்று யோசியுங்கள். முடிந்தால் பொறுப்பேற்கும்போதே சாமியாரிடம் கேளுங்கள்: "எங்க குழுவுல ரெண்டு தெருவும் வர்ற மாதிரி வரைஞ்சு தாங்க ஃபாதர்." அவர் தயங்கினால், இரண்டு குழுக்கள் மாதத்தில் ஒரு கூட்டத்தைச் சேர்ந்து நடத்த அனுமதி வாங்குங்கள். வீடு மாற்றி மாற்றிக் கூட வேண்டும். வரிசையை முன்கூட்டியே எழுதி எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும். எழுதாவிட்டால் மூன்றாவது மாதமே வசதியான இரண்டு வீடுகளில் போய் நின்றுவிடும். முதல் முறை காலனி வீட்டில் கூடும்போது ஊர்த்தெருவில் இருந்து நாலு பேருக்கு அன்றைக்கே காய்ச்சல் வரும். திட்டாதீர்கள், கூட்டத்தைத் தள்ளியும் வைக்காதீர்கள், வந்தவர்களோடு நடத்துங்கள். கொடுக்கிற டீயைத் தலைவர் முதலில் வாங்கிக் குடிக்க வேண்டும், எல்லாரும் பார்க்க. "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் அர்த்தம் தெரிந்த வாக்கியம்.

டீ என்றதும் இன்னொன்று. டீயும் பிஸ்கட்டும், அதற்கு மேல் கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் கேசரி வந்தால் அடுத்த வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் வரும். அதற்கடுத்த வீட்டுக்காரர் தன் முறையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

நேரம் ஊரைப் பொறுத்தது. நூறு நாள் வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்டு வருகிற பெண்கள் உலை வைத்து இறக்கிய பிறகுதான் வர முடியும். ஆண்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் கண்ணில் படுவார்கள். எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடியுங்கள். ஒன்பது என்றால் ஒன்பதுதான். பாதி ஜெபத்தில் இருந்தாலும் முடித்தால், அடுத்த வாரம் நம்பி வருவார்கள்.

உள்ளே என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவின் லும்கோ பயிற்சி மையம் பரப்பிய ஏழு படி முறை அன்பியங்களில் ஏற்கெனவே தெரிந்ததுதான்: ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, மனதில் பட்ட சொல்லை ஆளாளுக்குத் திருப்பிச் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்யப்போகும் காரியம், ஜெபம். மற்ற சபைக்காரர்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இதன் பலம் மூன்றாவது படி. எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியம்மா கூட ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்ல முடியும். ஒரு முறை குரல் வெளியே வந்துவிட்டால் ஐந்தாவது படியில் பேசவும் செய்வார். எல்லாரும் விட்டுவிடுவது ஆறாவது படியை. "இந்த வாரம் யாரைப் போய்ப் பார்ப்போம்?" என்று கேட்டு, பேரும் கிழமையும் நோட்டில் எழுதாமல் ஏழாவதுக்குப் போகாதீர்கள்.

வாசிப்பை மெதுவாக இரண்டு முறை செய்யுங்கள். 1871இல் வெளிவந்த பவர் திருப்புதல்தான் லுத்தரன், சி.எஸ்.ஐ. வீடுகளில் இன்னும் கையில் இருக்கும்; அதன் நடை பழகினவர்களுக்குத் தேன், புதிதாக வந்த மருமகளுக்குச் சிரமம். 1995இன் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை "இதோட அர்த்தம் என்ன?" என்று கேட்டால் பரீட்சை மாதிரி ஆகி எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். "இதுல நீங்க யார் பக்கம் நிப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். மௌனம் தாங்காமல் நீங்களே பதில் சொல்லிவிட்டால் அன்றைய கூட்டம் முடிந்தது. ஒருவரே பேசிக்கொண்டு போனால் (ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார்) அவர் மூச்சு வாங்கும் இடத்தில், "சார் சொன்னது நல்லா இருக்கு, மேரி அக்கா என்ன நெனைக்கிறாங்க?" என்று பேர் சொல்லித் திருப்புங்கள்.

பேர் சொல்லி என்றது சும்மா இல்லை. திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவர் பாடிய திருத்தொண்டத்தொகை, அடியார்களை வரிசையாகப் பேர் சொல்லி வணங்கும் பதிகம். அறுபத்து மூவர் வரிசைக்கு அடித்தளம் அதுதான். குயவர், வண்ணார், மீனவர், அரசர் எல்லாரும் அதே வரிசையில் வருகிறார்கள். குழுத் தலைவருக்கு இதைவிட நல்ல பாடம் இந்த மண்ணில் கிடைக்காது என்று நினைக்கிறேன். கோயில் ஊர் என்பதால் இன்னொரு மரியாதையும் உண்டு: வீட்டுக் கூட்டத்தில் மைக் வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு மைக் எதற்கு?

குழு ஒழுங்காக நடந்தால் ஆறு மாதத்தில் ரகசியங்கள் வர ஆரம்பிக்கும். இங்கேதான் நல்ல மனதுள்ள தலைவர்கள் இடறுகிறார்கள். கேட்டதை அடுத்த வீட்டில் "ஜெபிச்சுக்குங்க" என்று சொல்வதும் புறணிதான். ஆனால் எல்லாவற்றையும் மூடிவைக்கவும் கூடாது. குழந்தைக்குப் பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பது குற்றம், குற்றம் சாட்டப்படுகிறவர் சபைப் பெரியவராக இருந்தாலும் சரி. குழந்தைகளுக்கு 1098, அடி வாங்கும் பெண்ணுக்கு 181, மனம் உடைந்து சாகப்போகிறேன் என்பவருக்கு 14416. மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். குடியைப் பற்றி இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கணவன் குடிக்கிறான் என்று ஒரு பெண் அழுதால், தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடாதீர்கள். மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கூடப் போகிற ஆள் யார் என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். ஆறாவது படி என்பது இதுதான்.

பணம்: கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள், ஜாமீன் நிற்காதீர்கள். மகளிர் குழுவும் ஜெபக்குழுவும் ஒரே ஆட்களாக இருந்தால்கூட இரண்டு நோட்டு, இரண்டு நாள். தவணை கட்டாதவர் ஜெபத்துக்கும் வராமல் நின்றுவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு மேல் நாற்காலியில் இருக்காதீர்கள். முதல் ஆண்டு முடியும்போதே அடுத்தவரைக் கண்டுபிடித்துவிடுங்கள், முடிந்தால் மற்ற தெருவில் இருந்து, முடிந்தால் ஒரு பெண். முதலில் வாசிப்பை அவரிடம் கொடுங்கள், பிறகு பகிர்வை, பிறகு மாதம் ஒரு முழுக் கூட்டத்தை. அவர் நடத்தும்போது நீங்கள் குறுக்கே பேசக் கூடாது. பின்னால் உட்கார்ந்து அழுகிற குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ளலாம். சாமியார் ஆள் தேடும்வரை காத்திருக்காமல், அவரைக் கூட்டிக்கொண்டு போய் நீங்களே அறிமுகம் செய்துவையுங்கள்.