வள்ளுவர் சிலையை வரைவோமா?

கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை (திறப்பு: 1.1.2000, சிற்பி: வை. கணபதி ஸ்தபதி) வரையும்போது வழக்கமா வரும் தப்புகளும், அவை சொல்லித்தரும் பாடமும் இதோ:

1. பீடம் குட்டையாகிவிடும். முகத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் காரணம். தாளில் கீழே இடமே இருக்காது. மொத்த உயரம் 133 அடி; பீடம் 38, சிலை 95. அடிக்கு ஒரு மில்லிமீட்டர்னு வைத்து, முதலில் 133 மி.மீ. கோடு போடுங்க. கீழிருந்து 38-இல் ஒரு புள்ளி. அதுக்கு மேலேதான் வள்ளுவர். (அறத்துப்பால் 38 அதிகாரம், பொருளும் இன்பமும் சேர்ந்து 95. அளவு மறக்கவே மறக்காது!)

2. உடம்பு கம்பம் மாதிரி நிற்கும். சிலையில் இடுப்பு லேசா வளைந்திருக்கும். அந்த வளைவை முதலில் பென்சிலால் போட்டுக்குங்க.

3. தோல் நிறமும் கறுப்புக் கண்மணியும் தீட்டினால் அது ஆள், சிலை அல்ல. நீலமும் பழுப்பும் கலந்து, தண்ணீர் கூட்டி, நிழல் பக்கம் மட்டும் தீட்டுங்க. கல் தானா தெரியும்.

படம் சரியா வரலைனு தாளைக் கிழிச்சிடாதீங்க. பின்பக்கம் தேதி போட்டு, எது தப்புனு ஒரு வரி எழுதுங்க. அதைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு அடுத்ததை வரையுங்க. கிழிச்ச தாள் எதையும் சொல்லித் தராது!