விற்பனைக்கு முன் வீட்டை ஆயத்தப்படுத்துதல்

வீட்டை விற்க எண்ணுவோர் பெரும்பாலும் முதலில் அழைப்பது வண்ணம் பூசுபவரையே. அது வேண்டிய வேலைதான். ஆயினும் முதல் வேலை அன்று. பெங்களூரில் வீடு வாங்குவோரில் பலர் வங்கிக் கடனை நம்பியே வருகின்றனர். ஆகவே விற்பனைக்கு வரும் வீட்டை இரு தரப்பினர் பார்வையிடுகின்றனர் எனக் கொள்ளல் வேண்டும். ஒருவர் அதில் குடியேறப் போகிறவர். மற்றது அவருக்குக் கடன் தரும் வங்கி. முன்னவர் சுவரையும் சமையலறையையும் பார்ப்பார். வங்கியின் சார்பில் வழக்கறிஞர் பத்திரங்களையும் மதிப்பீட்டாளர் கட்டடத்தையும் ஆராய்வர். முன்பணம் பெற்ற பின்னர் இவ்வாய்வில் குறை வெளிப்பட்டால், விலை குறையும் அல்லது ஒப்பந்தமே முறியும். பெற்ற முன்பணத்தை வேறொரு வீட்டிற்குக் கொடுத்துவிட்ட குடும்பத்திற்கு அது பேரிடராகும்.

பெயர் யாருடையது?

எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. முதலிய பொதுத்துறை ஆலைகளில் பணிபுரிந்து, ஓய்வுக்கு முன் சிறு மனை வாங்கி வீடு கட்டிய தமிழ்க் குடும்பங்கள் இந்நகரில் பல. தந்தை காலமான பின்னும் பத்திரம் அவர் பெயரிலேயே இருப்பதுண்டு. உயில் எழுதாமல் மறைந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்து, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். திருமணமாகிச் சேலத்திலோ வேலூரிலோ வாழும் மகளும் கையொப்பமிட வேண்டியவரே. ஒருவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதாயின், அதற்குப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் வேண்டும்; வாய்ச்சொல் போதாது. இப்பேச்சை வீட்டுக்கு விலை கூறும் முன்பே முடித்துக்கொள்வது உறவுக்கும் நலம், விற்பனைக்கும் நலம்.

கத்தாவும் பத்திரமும்

கத்தா என்பது சொத்துவரிக்காக மாநகராட்சி வைத்திருக்கும் கணக்குப் பதிவு. அது உரிமைப் பத்திரம் அன்று. எனினும் அஃதின்றி விற்பனை நகராது. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து பெங்களூரில் பத்திரப்பதிவுக்கு மின்னணுக் கத்தா தேவைப்படுகிறது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டதால், தம் வீடு இப்போது எதன் எல்லையில் உள்ளது என்பதையும் அறிந்துகொள்க. கத்தாவில் உள்ள பெயர், மனை அளவு, நான்கு எல்லைகள் ஆகியவை கிரயப் பத்திரத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா எனச் சரிபார்க்கவும். பி கத்தா உள்ள சொத்திற்குக் கடன் தரப் பல வங்கிகள் தயங்கும். அதனைத் தொடக்கத்திலேயே வாங்குபவரிடம் தெரிவித்தல் முறை.

தாய்ப்பத்திரம், இடைப்பட்ட பத்திரங்கள், அனுமதி பெற்ற வரைபடம், வரி ரசீதுகள், அடுக்ககமாயின் குடியேற்றச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் அடுக்கி வைக்கவும். வில்லங்கச் சான்றைக் கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையத்தளம் வழியாகப் பெறலாம்.

நிலுவையில் உள்ள கடன்

வீட்டின்மேல் கடன் இருப்பது விற்பனைக்குத் தடையன்று. கடன் தந்த வங்கியிடம் நிலுவைத் தொகைச் சான்றும், அதன் வசமுள்ள பத்திரங்களின் பட்டியலும் பெறவும். வாங்குபவரின் வங்கி அந்நிலுவையை நேரடியாகச் செலுத்தி, மீதியை விற்பவருக்குத் தரும். கடன் முற்றும் தீர்ந்தபின் 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட ஆணை. வங்கியின் தாமதத்திற்கு நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு உண்டு. பழைய கடன் எப்போதோ தீர்ந்திருப்பினும், ஈட்டுப் பதிவு நீக்கப்படாவிடில் வில்லங்கச் சான்றில் அது தொடர்ந்து தோன்றும். அதனையும் கவனிக்கவும்.

கட்டடம்

கசிவை நிறுத்திய பின்னரே வண்ணம் பூச வேண்டும். ஈரச்சுவரில் பூசிய வண்ணம் ஒரு மழைக்காலத்திற்குள் உப்பிப் பெயரும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் கையால் தடவியே அதனை அறிவார். மொட்டைமாடி, குளியலறை, குழாய் இணைப்புகள் ஆகியவற்றை முதலில் செப்பனிடவும். 2024 கோடையில் நகரம் கண்ட தண்ணீர்த் தட்டுப்பாட்டிற்குப் பின், வாங்குவோர் தண்ணீரைப் பற்றி விரிவாக வினவுகின்றனர். காவிரி இணைப்பின் கட்டண ரசீது, ஆழ்துளைக் கிணற்றின் நிலை, நிலத்தடித் தொட்டியின் தூய்மை, மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு ஆகியவற்றைக் காட்ட ஆயத்தமாக இருங்கள். வரைபட அனுமதியில் இல்லாத மேல்தளத்திற்கு மதிப்பீட்டாளர் மதிப்பிடத் தயங்குவார் என்பதையும் விலை குறிக்கும்போது கருதுக. விற்பனைக்காக விலையுயர்ந்த சமையலறை அமைப்பது பெரும்பாலும் வீண். வாங்குபவர் தம் விருப்பப்படி அதனை மாற்றுவார்.

வரி

விலை ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ ஆயின், வாங்குபவர் 1 விழுக்காடு வரியைப் பிடித்துச் செலுத்துவார், ரூ.90 லட்சத்திற்கு அது ரூ.90,000. இத்தொகை விற்பவரின் பான் கணக்கில் வரவு வைக்கப்படும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராயின் பிடித்தம் மிக அதிகம். குறைந்த பிடித்தத்திற்கான சான்றை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே கோரலாம். மேல்தளம் எழுப்பியது போன்ற நிலையான மேம்பாட்டுச் செலவின் ரசீதுகளைப் பேணுக. மூலதன ஆதாயத்தைக் கணக்கிடுகையில் அவை உதவும். வழக்கமான வண்ணப்பூச்சு அக்கணக்கில் சேராது.

வேலைகளின் வரிசை

மூன்று மாத அவகாசம் வைத்துக்கொள்ளுதல் நன்று. முதல் மாதம் வாரிசுரிமை, கத்தா, வில்லங்கச் சான்று. இரண்டாம் மாதம் கடன் நிலுவையும் கட்டடச் செப்பமும். மூன்றாம் மாதம் வண்ணமும் விலை அறிவிப்பும். கோப்பின் நகலை முதலில் தமக்கு நம்பிக்கையான வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுக. வாங்குபவரின் வங்கி பின்னர் கேட்கவிருக்கும் வினாக்களை அவர் இப்போதே கேட்பார். விடை தேட அப்போது அவகாசம் இருக்கும்.